வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக கோச்சிங் சென்டர் தொடங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 33 வயது. எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கிறேன். மதுரையில் ஒரு டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையத்தில் ஏழு வருடமாகக் கணிதமும் மனத்திறனும் நடத்துகிறேன். சம்பளம் 32,000 ரூபாய். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். திங்கட்கிழமை மட்டும் லீவு. போன மாதம் டீக்கடையில் நின்றபோது எட்டு மாணவர்கள், "சார், நீங்க தனியா ஆரம்பிங்க, நாங்க எல்லாரும் வந்துடுறோம்" என்றார்கள். அன்றிலிருந்து அதே நினைப்புதான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு துணிக்கடையின் மாடி 14,000 வாடகைக்கு இருக்கிறது. எங்கள் மையத்தில் தமிழ் எடுக்கும் நண்பரும் என்னோடு வருகிறேன் என்கிறார். மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன அப்பா, தன்னிடம் இருக்கும் ஆறு லட்சத்தையும் தருகிறேன் என்கிறார். மனைவி மட்டும், "மாசம் பொறந்தா வீட்டுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்கிறார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் அசல் சான்றிதழ்கள் மையத்தில் இருக்கின்றன. வேலையை விட்டால் இரண்டு வருடத்துக்குப் பக்கத்தில் எங்கும் மையம் தொடங்கக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவி கேட்டதுதான் சரியான கேள்வி. நீங்கள் அனுப்பியிருந்த கணக்குத் தாளை அந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது வேலையை விட வேண்டாம். அப்பாவின் பணத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் சென்டர் ஆசையையும் விட வேண்டாம். அதை வரும் நான்கு மாதத்தில், பெரிய செலவில்லாமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், பதினேழு வருடம் ஒரு மையத்தை நடத்தியவன், இப்போது சின்ன மையங்களுக்குக் கணக்கும் ஆலோசனையும் பார்க்கிறவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

டீக்கடையில் நின்ற அந்த எட்டுப் பேர் மனதாரத்தான் சொல்லியிருப்பார்கள். உங்கள் வகுப்பு அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே ஓர் இடத்தில் பணம் கட்டிப் படித்துக்கொண்டிருப்பவர்கள். நீங்கள் மாடியைப் பிடித்து, போர்டு மாட்டி, முதல் பேட்ச் தொடங்கும்போது அவர்களில் இரண்டு பேர் பாஸாகி வேலைக்குப் போயிருப்பார்கள். மூன்று பேர் படிப்பையே விட்டிருப்பார்கள். மீதிப் பேருக்கு மதுரையிலிருந்து உங்கள் ஊருக்கு வர ஐம்பது கிலோமீட்டர். மளிகைக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் அடுத்த மாதமும் வருவார். நம் தொழிலில் அப்படி இல்லை. நன்றாகப் படித்தவர் ஜெயித்துப் போய்விடுகிறார், ஜெயிக்காதவர் இடத்தை மாற்றிப் பார்க்கிறார். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் உங்களை அறியாத அறுபது பேரைப் புதிதாகக் கொண்டுவர வேண்டும். ஏழு வருடமாக அந்த வேலையை உங்களுக்காக வேறொருவர் செய்திருக்கிறார். அட்மிஷன் எப்படி நடக்கிறது, ஒரு சேர்க்கைக்கு எத்தனை போன் போகிறது, விசாரித்துவிட்டுப் போனவரில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்பதை நீங்கள் ஒருமுறையாவது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அறுபது பேர், ஆறு மாத குரூப் 4 கோர்ஸ், தலைக்கு 9,000 ரூபாய், மொத்தம் 5,40,000 என்று எழுதியிருக்கிறீர்கள். செலவில் வாடகையும் ஆசிரியர் சம்பளமும் மட்டும் இருக்கிறது. விட்டுப்போனதை நான் சேர்த்துப் பார்த்தேன். வாடகை 14,000. தமிழ், வரலாறு, அரசியலமைப்பு, அறிவியல் எடுக்க வருகிறவர்களுக்கு மாதம் அறுபது மணி நேரம், மணிக்கு 400 என்றால் 24,000. போன் எடுக்க, ஃபீஸ் வாங்க, வருகைப் பதிவு பார்க்க ஒரு பெண்ணுக்கு 9,000. கரண்ட், இன்டர்நெட், தண்ணீர் கேன் 5,000. வாரத் தேர்வுக்கு வினாத்தாள் அடிக்க 6,000. நோட்டீஸ், விளம்பரம் 5,000. கூட்டினால் மாதம் 63,000. ஆறு மாதத்துக்கு 3,78,000. உங்கள் 5,40,000-இல் இதைக் கழித்தால் மிச்சம் 1,62,000. மாதத்துக்கு 27,000. அறுபது பேரும் சேர்ந்து, அறுபது பேரும் முழு ஃபீஸ் கட்டினால்கூட இன்றைய சம்பளத்தைவிட ஐயாயிரம் குறைவு.

அறுபது பேரும் முழுதாகக் கட்ட மாட்டார்கள். நம் மாணவர்கள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று தவணையாகத்தான் வாங்க முடியும். முதல் தவணை 3,000-ஐ அறுபது பேர் கட்டுவார்கள். இரண்டாவது தவணை வரும்போது நாற்பத்தெட்டுப் பேர் இருப்பார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார், ஒருவருக்குக் கணக்கு வகுப்பில் பயம் வந்திருக்கும். மூன்றாவது தவணைக்கு முப்பத்தாறு. நான் மிகைப்படுத்தவில்லை, நான் பார்த்த ஃபீஸ் நோட்டுகளில் பெரும்பாலும் இந்த அளவில்தான் இறங்கியிருக்கிறது. அப்படியானால் வசூல் 4,32,000. செலவு போக 54,000. மாதம் ஒன்பதாயிரம் ரூபாய். மனைவியிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான்.

இன்றைய சம்பளம் கைக்கு வர எத்தனை பேர் சேர வேண்டும்? மாதச் செலவு 63,000, உங்கள் 32,000, இரண்டும் சேர்ந்து ஆறு மாதத்துக்கு 5,70,000. இந்த வசூல்படி ஒரு சேர்க்கைக்குக் கிடைப்பது சராசரியாக 7,200. ஆகவே எண்பது பேர் வேண்டும். எண்பது பேரை அந்த மாடியில் ஒரே நேரத்தில் உட்கார வைக்க முடியாது. இரண்டு பேட்ச் ஆக்கினால் ஆசிரியர் செலவு ஏறும், அப்போது எண்பதும் போதாது. உங்கள் தாளின் ஓரத்தில் இதை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது பேட்ச் ஓடுகிற மாதங்களின் கணக்கு. பேட்ச் ஓடாத மாதங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை.

சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறவருக்குத் தேர்வு அறிவிப்பு வராத மாதமும் மாதம்தான், ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். மையம் நடத்துகிறவருக்கு அந்த மாதத்தில்தான் சோதனை. தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து மாடி காலி. அடுத்த அறிவிப்பின் பேச்சு கிளம்பி, புதிதாகக் கூட்டம் சேர மூன்று நான்கு மாதம் ஆகும். வாடகை, ஆபீஸ் பெண்ணின் சம்பளம், இன்டர்நெட் என்று பூட்டிய கதவுக்குள்ளேயே மாதம் 25,000 போகும்.

அதுவும் எல்லாம் ஒழுங்காக நடக்கிற வருடத்தில். 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி குரூப் 4 தேர்வு நடந்தது. அதற்கடுத்த குரூப் 4 எப்போது நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும்: 2022 ஜூலை 24. கிட்டத்தட்ட மூன்று வருடம். நான் 2020 ஜனவரியில் புது பேட்ச் தொடங்கியிருந்தேன். மார்ச் கடைசியில் ஊரடங்கு. எழுதுபலகை வைத்த நாற்காலிகளை ஐந்தைந்தாக அடுக்கி, மேலே பழைய ஃபிளெக்ஸ் ஒன்றைப் போர்த்திவிட்டுப் பூட்டினேன். ஐந்து மாதம் கழித்துத் திறந்தபோது போர்டில் அன்றைக்கு நான் எழுதிய தனிவட்டிக் கணக்கு பாதியில் அப்படியே இருந்தது. கட்டட உரிமையாளர் நல்ல மனிதர், இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்தார். மீதி மாதங்களுக்குக் கொடுத்தேன். ஒரு மாணவி தன் அம்மாவோடு வந்து, கட்டிய 4,500-ஐத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். அப்பாவுக்கு நெசவு வேலை நின்றுபோயிருந்தது. கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்து கேட்ட எல்லாருக்கும் கொடுத்தேன். கொடுக்க என்னிடம் பணம் இருந்தது, ஏனென்றால் முந்தைய பத்து வருடத்தில் ஒதுக்கி வைத்த ஒரு வருடச் செலவுப் பணம் பேங்கில் இருந்தது. அது இல்லாத என் நண்பர்கள் அந்த இரண்டு வருடத்தில் நாற்காலியை விற்றார்கள். நன்றாகப் பாடம் நடத்தியவர்கள்தான் எல்லாரும். ஒருவர்கூட மோசமான ஆசிரியர் இல்லை.

இப்போது டிஎன்பிஎஸ்சி ஆண்டுத் திட்டம் வெளியிடுகிறது, 2024-இலும் 2025-இலும் குரூப் 4 நடந்தது, நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் காலியிடங்களைப் பாருங்கள். அறிவிப்பு வந்தபோது 2022-இல் 7,301, 2024-இல் 6,244, 2025-இல் 3,935. பின்னால் இடங்களைக் கூட்டுவார்கள். ஆனால் வீட்டில் அப்பாவிடம் ஃபீஸ் கேட்கிற பிள்ளை அறிவிப்பில் இருக்கிற எண்ணைத்தான் காட்ட முடியும். எண் இறங்கினால் விசாரிக்க வருகிற கூட்டமும் இறங்கும். நீங்கள் எவ்வளவு நன்றாக விகிதம் நடத்தினாலும் அதை மாற்ற முடியாது.

நீங்கள் யோசிக்காத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் எதை விற்கப் போகிறீர்கள்? பாடம் இன்றைக்கு இலவசம். பள்ளிப் பாடநூல் முழுவதும் இணையத்தில் கிடைக்கிறது. யூடியூபில் ஒவ்வொரு தலைப்புக்கும் நூறு வீடியோ. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாகவே வகுப்பு நடத்துகிறது. மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து போட்டித் தேர்வுப் பிள்ளைகள் காலையிலேயே சாப்பாட்டு டப்பாவோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பல நகராட்சிகளில் அறிவுசார் மையங்கள் வந்திருக்கின்றன. இவ்வளவும் இருந்தும் ஒருவர் ஒன்பதாயிரம் கட்டுகிறார் என்றால், பாடத்துக்காகக் கட்டவில்லை. ஒரு நேர அட்டவணை வேண்டும், வாராவாரம் தேர்வு வேண்டும், திருத்திய தாள் கைக்கு வர வேண்டும், இரண்டு நாள் வரவில்லையென்றால் "ஏம்மா வரல?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று யோசியுங்கள். கணக்கு நடத்துவது பிடிக்கும் என்பது வேறு. மையத்தின் சொந்தக்காரர் ஆனால் நீங்கள் நடத்துகிற வகுப்பு பாதியாகக் குறையும். மீதி நேரம் போனிலும் ஃபீஸ் நோட்டிலும், தண்ணீர் வராத பாத்ரூமிலும் போகும். இதைக் கேட்டு மனசு சுருங்கினால், சொந்த மையம் உங்களுக்கானதல்ல என்று இப்போதே தெரிந்துகொண்டது நல்லது. அது குறையொன்றும் இல்லை. மணிக்கணக்கில் விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் என்று நாலு மையங்களுக்குப் போய்க் கணக்கு மட்டும் எடுத்து, சொந்த மையக்காரரைவிட நிம்மதியாகவும் கூடுதலாகவும் சம்பாதிக்கிறவர்களை நான் அறிவேன். கணக்கு வாத்தியாருக்கு எப்போதும் தட்டுப்பாடு உண்டு.

உங்கள் தமிழ் நண்பரைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இப்போதுள்ள குரூப் 4 தாளில் 200 கேள்வி. அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணிதமும் மனத்திறனும். தமிழில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதித் தாளையே திருத்த மாட்டார்கள். அப்படியானால் அந்த மையம் யாரை நம்பி நிற்கும்? பாதித் தாள் அவர் கையில், எட்டில் ஒரு பங்கு உங்கள் கையில். முதலீடு முழுவதும் உங்கள் அப்பாவுடையது. இரண்டு வருடம் கழித்து அவரிடம் எட்டு மாணவர்கள், "சார், நீங்க தனியா ஆரம்பிங்க" என்றால் என்ன செய்வீர்கள்? நண்பர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நீங்களும் கெட்டவர் இல்லை, ஆனாலும் இன்று அதே இடத்தில்தானே நிற்கிறீர்கள். அவரைக் கூட்டாளியாகச் சேர்ப்பதென்றால் அவரும் பணம் போட வேண்டும், பங்கு எவ்வளவு, மாதச் சம்பளம் எவ்வளவு, ஒருவர் விலகினால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், பேட்ச் நடுவில் விலகலாமா என்பதையெல்லாம் ஒப்பந்தப் பத்திரத்தில் எழுத வேண்டும். "நமக்குள்ள எதுக்குப் பத்திரம்" என்று சொல்லித் தொடங்கிய கூட்டுகள் முறிந்து, பஞ்சாயத்துக்கு என்னிடம் வந்திருக்கின்றன. அப்போது இரண்டு பக்கமும் நியாயமாகவே தெரியும், காட்ட ஒரு தாள் இருக்காது.

இனி, சோதித்துப் பார்க்கும் வழி. உங்களுக்குத் திங்கட்கிழமை லீவு. உங்கள் ஊரில் ஒரு சின்ன ஹால் பிடியுங்கள். சங்கக் கட்டடம், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், எதுவானாலும் சரி. திங்கள்தோறும் பத்தரை மணியிலிருந்து ஒரு மணி வரை. கணிதமும் மனத்திறனும் மட்டும். பதினாறு வாரம், மொத்தம் நாற்பது மணி நேரம், ஃபீஸ் 2,000. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படிக்க நினைக்கிற பெண்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று நீங்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். சின்ன ஊர்களில் குரூப் 4 எழுதுகிறவர்களில் அவர்கள் பெரிய கூட்டம். மதுரைக்கு வர முடியாதவர்கள். அந்த நேரம் அவர்களுக்குத் தோதானது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பத்து வருடம் கணக்கையே தொடாதவர்களுக்கு மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு இரண்டையும் முதலிலிருந்து சொல்லித்தர ஆள் கிடைத்தால் விட மாட்டார்கள்.

இருபத்தைந்து பேர் சேர்ந்தால் 50,000. ஹாலுக்கு வாரம் ஆயிரம் என்றால் 16,000, தாள் அடிக்க நாலாயிரம். முப்பதாயிரம் கையில் நிற்கும். அட்வான்ஸ் இல்லை, நாற்காலி இல்லை, ஆபீஸ் பெண் இல்லை. நஷ்டமானாலும் உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்குள் முடிந்துவிடும். முக்கியமானது அந்த முப்பதாயிரம் இல்லை. நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது, போனில் பதில் சொல்வது, இரண்டாவது தவணை கேட்கத் தயங்குவது, ஏழாவது வாரம் ஆள் குறையும்போது உங்கள் மனம் என்ன ஆகிறது என்பது எல்லாம் தெரிந்துவிடும். வருகிறேன் என்று சொன்னவர்களை எண்ணாதீர்கள். ஐந்நூறு ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். பதினைந்து பேர்கூடக் கட்டவில்லையென்றால் அந்த மாடிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் பேச்சே வேண்டாம்.

இதை மறைத்துச் செய்யாதீர்கள். மைய உரிமையாளரிடம் நேரில் சொல்லுங்கள். "சார், எங்க ஊர்ல திங்கட்கிழமை கணக்கு மட்டும் ஒரு பேட்ச் போடலாம்னு இருக்கேன், இங்க வேலைக்கு எந்தக் குறையும் வராது" என்று சொல்லுங்கள். வேலையில் இருக்கும்போது போட்டியாகத் தொழில் செய்யக் கூடாது என்று அவர் தடுத்தால் அது செல்லும். அவர் சம்மதம் அவசியம். மறுக்கலாம், கோபப்படலாம், சம்பளத்தைக் கூட்டலாம், உங்கள் ஊரில் கிளை போடலாம், நீ பார்த்துக்கொள் என்றும் சொல்லலாம். இந்தக் கடைசி இரண்டும் நடந்திருக்கின்றன. தடுத்துவிட்டால், உங்கள் வகுப்பு இல்லாவிட்டாலும் அட்மிஷன் பக்கத்தைக் கற்றுக்கொள்ள அங்கேயே வாய்ப்புக் கேளுங்கள். ஒரு பேட்ச் முழுக்க விசாரணை மேசையில் உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டு வருடம் தொடங்கக் கூடாது என்று வாங்கிய கையெழுத்து உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. வேலையை விட்ட பிறகு இந்தத் தொழிலே செய்யாதே என்று தடுப்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனாலும் அந்தத் தாளை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்; முன்னறிவிப்புக் காலம், வாங்கிய முன்பணம் என்று வேறு ஏதாவது அதில் இருக்கலாம். சான்றிதழ்களைப் பொறுத்தவரை, வேலையை விடும் பேச்சுக்கு முன்பே ஒரு காரணம் சொல்லி, எழுத்தில் கேட்டு, வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். அது உங்கள் சொத்து.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக எல்லாமே உங்களுடையது ஆகிவிடாது. சம்பளத்தில் இருந்தபோது மையத்துக்காக நீங்கள் எழுதிய நோட்ஸின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957 சட்டப்படி மையத்துக்குத்தான். அட்டையை மாற்றி அடித்து விற்காதீர்கள். புதிதாக எழுதுங்கள், ஏழு வருட அனுபவத்தில் முன்பைவிட நன்றாகவே வரும். மாணவர்களின் போன் நம்பர்களையும் வாட்ஸ்அப் குழுவையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வேலையை விடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் உங்களை நம்பிப் பணம் கட்டியவர்கள். பேட்ச்சை முடித்து, தேர்வு எழுத அனுப்பிவிட்டு வெளியே வாருங்கள். உங்கள் ஊரில் நாளைக்கு உங்களைப் பற்றி விசாரிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

துணிக்கடை மாடியைப் பற்றி. வெளிப்பக்கம் ஓர் இரும்புப் படி மட்டும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடம் வேண்டாம். 2019 மே மாதம் சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் நடந்த கோச்சிங் வகுப்பில் தீப்பிடித்து 22 மாணவர்கள் இறந்தார்கள். 2024 ஜூலையில் டெல்லி ராஜிந்தர் நகரில் ஒரு கோச்சிங் மையத்தின் அடித்தளத்தில் இருந்த நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள். கீழே முழுக்கத் துணி, மேலே அறுபது பிள்ளைகள், இறங்க ஒரே படி. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மாடியை எடுக்கக் கூடாது. இரண்டு வழி உள்ள இடம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, பஸ் ஸ்டாண்டிலிருந்து மாலை ஏழு மணிக்கும் பயமில்லாமல் நடந்து போகிற தெரு, இந்த மூன்றும் இருந்தால் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை.

எப்போது தொடங்கினாலும் "நூறு சதவீதம் தேர்ச்சி" என்று நோட்டீஸில் போடாதீர்கள். ஐம்பது பேருக்கு மேல் படிக்கிற மையங்களுக்கு 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தடை செய்கிறது. ஜெயித்தவர் படத்தை, அவர் ஜெயித்த பிறகு எழுத்தில் சம்மதம் வாங்காமல் போடக் கூடாது. நடுவில் நிற்கிறவருக்கு மீதி நாட்களுக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே வருடம் ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகமும் வழிகாட்டுதல் அனுப்பியிருக்கிறது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், கோச்சிங்குக்கு 18 சதவீதம். நீங்கள் அங்கே போக நாள் இருக்கிறது, அப்போது ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

கடைசியாக அப்பாவின் ஆறு லட்சம். நாலரை லட்சம் அட்வான்ஸுக்கும் நாற்காலிக்கும் ஃபேனுக்கும் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி ஒன்றரை லட்சம், மாதம் 63,000 செலவில் இரண்டரை மாதம்கூட வராது. அந்தப் பணத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து வட்டி 8.2 சதவீதம். ஆறு லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய் வரும். முப்பது வருடத்துக்கு மேல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரைக்கும் டீக்கும் உங்களிடம் கை நீட்டாமல் அவரும் அம்மாவும் இருக்க அந்தப் பணம் போதும். அவர் ஆசையாகத் தருகிறார், உண்மைதான். நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மையத்துக்கான பணம் உங்கள் சம்பளத்திலிருந்தும் திங்கட்கிழமை வகுப்பிலிருந்தும் சேரட்டும். வீட்டுச் செலவு ஒரு வருடத்துக்கு, மையத்தின் காலி மாதச் செலவு எட்டு மாதத்துக்கு, இந்த இரண்டும் பேங்கில் சேர்ந்த பிறகு மாடி தேடுங்கள். மூன்று வருடம் ஆகலாம். உங்களுக்கு அப்போதும் 36 வயதுதான்.

திங்கட்கிழமை பேட்ச் நடந்தால், பதினாறாவது வாரம் முடிந்ததும் எனக்கு மூன்று எண்களை எழுதி அனுப்புங்கள். பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கடைசி வகுப்பு வரை வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் உங்களை முன்பின் தெரியாமல் நோட்டீஸ் பார்த்து வந்தவர்கள் எத்தனை பேர். மூன்றாவது எண்ணைப் பார்த்துவிட்டு மாடியைப் பற்றிப் பேசுவோம். அடுத்த கடிதத்தை எழுதும்போது உங்கள் மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள்.